வன்னி வெயிலுக்கு எந்த ஜெல்?

கதிர்வீச்சை அளக்கும் ஜெல்களைப் பற்றிய ஆய்வுகளில் "அறை வெப்பநிலை" என்ற சொல் அடிக்கடி வரும். 20 அல்லது 22 பாகை செல்சியஸ் என்று பொருள். வவுனியாவில் சித்திரை மாதத்து அறை எப்படியிருக்கும் என்று அவற்றை எழுதியவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் ஆய்வுகூடச் சுவரில் தொங்கும் வெப்பமானி பிற்பகல் இரண்டு மணிக்கு 34ஐக் காட்டும். தகரக் கூரை போட்ட களஞ்சிய அறைக்குள் அதற்கும் மேல். இந்த ஜெல்களில் பெரும்பாலானவற்றை உறையவைக்கும் ஜெலற்றீனோ 30 பாகையை அண்டியதும் இளகத் தொடங்கும் பொருள். உணர்திறன், துல்லியம் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். ஊற்றிய ஜெல் ஜெல்லாகவே நிற்குமா என்பதுதான் இங்கே முதற்கேள்வி.

இறுதியாண்டு மாணவி ஒருத்தி போன வருடம் ஒரு தாளில் நான்கு ஜெல்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து, "சேர், இதில் எது நல்லது?" என்று கேட்டாள். எங்கே கதிர் பாய்ச்சப் போகிறாய், எங்கே வாசிக்கப் போகிறாய், இரண்டுக்கும் இடையில் எத்தனை மணித்தியாலம் என்று திருப்பிக் கேட்டேன். அவளிடம் விடையில்லை. அந்த மூன்றுக்கும் விடை தேடியதிலிருந்து வந்ததுதான் இந்த ஒப்பீடு.

ஜெல் எதற்கு என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அயனாக்க அறை என்ற சிறு கருவி ஒரு புள்ளியில் கதிரளவைச் சொல்லும். பிலிம் ஒரு தளத்தில் சொல்லும். இன்றைய கதிர்சிகிச்சையோ பல திசைகளிலிருந்து வளைத்துக் கட்டியை மட்டும் சுடுகிறது. அதன் முழுக் கனவளவையும் ஒரே முறையில் பதிவுசெய்ய, நீரைப் போலவும் உடற்திசுவைப் போலவும் நடந்துகொள்ளும் ஜெல் நல்ல சாதனம். கதிர் பட்ட இடத்தில் அதன் இரசாயனம் மாறும். எம்.ஆர்.ஐ., சி.ரி., ஒளிக்கதிர் ஸ்கேன் ஆகியவற்றில் ஒன்றால் அந்த மாற்றத்தை வாசிக்கலாம்.

எங்கள் பாதை இதுதான். ஜெல் செய்வது வவுனியாவில். வடக்கில் கதிர்சிகிச்சை என்றால் தெல்லிப்பழை. ஏ9 வீதியால் கிளிநொச்சி, ஆனையிறவு, யாழ்ப்பாணம் தாண்டிப் போகவேண்டும். 150 கிலோமீற்றருக்குக் குறையாது. வாசிப்பது அங்கேயே கிடைக்கும் ஸ்கேனரிலா, வேறு ஊரிலா என்பது அந்தந்தக் கிழமையின் அதிர்ஷ்டம்.

முதலில் பிரிக் ஜெல். ஹியூகோ பிரிக் 1927இல் கொண்டுவந்த இரும்புக் கரைசலின் வழித்தோன்றல் இது. அமிலத்தில் கரைந்த பெரசு அயன் கதிர் பட்டதும் பெரிக்கு அயனாக ஒட்சியேறும். 1984இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் கோரும் அவரது குழுவினரும் இந்த மாற்றத்தை எம்.ஆர்.ஐ.யால் படம் பிடிக்கலாம் என்று காட்டினார்கள். கரைசலை ஜெல்லுக்குள் கட்டிவைத்தால் முப்பரிமாணப் படம் கிடைக்கும். சைலினோல் ஒரேஞ் என்ற சாயத்தைச் சேர்த்தால் மஞ்சள் கலந்த செம்மை நிறம் கதிர் பட்ட இடத்தில் ஊதாவாக மாறும். மாணவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பது இந்த ஒரு ஜெல்லைத்தான். செய்வது எளிது, பொருட்கள் மலிவு, நைதரசன் வேண்டாம், விடவாயுப் பயமில்லை.

ஆனால் இந்த ஜெல்லின் நினைவு குறுகியது. பெரிக்கு அயன்கள் பிறந்த இடத்தில் நிற்பதில்லை, பரவுகின்றன. சாயம் சேராத ஜெல்லில் அந்தப் பரவல் மணிக்கு ஏறக்குறைய 1 முதல் 2 சதுர மில்லிமீற்றர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு மணித்தியாலத்தில் கூரான ஓரம் இரண்டு மில்லிமீற்றரளவு மழுங்கிவிடும். சைலினோல் ஒரேஞ் பெரிக்கு அயனைப் பிடித்துக்கொள்வதால் பரவல் பாதிக்கும் கீழே குறையும், ஆனாலும் நிற்காது. போதாக்குறைக்கு, கதிரே படாமல் ஜெல் தானாகவும் ஒட்சியேறும். காலையில் செய்த ஜெல் மாலையில் சற்றுக் கறுத்திருக்கும். வெக்கையில் இன்னும் வேகமாக. இங்கத்தைய கிணற்றுத் தண்ணீரில் கேத்தலை நாலு நாள் வைத்தாலே அடியில் வெள்ளைப் படை கட்டும். அந்தச் சுண்ணாம்பும் உலோக அயன்களும் கைதவறி உள்ளே வந்தால் பிரிக் ஜெல் சொல்வதெல்லாம் பொய். இருமுறை வடித்த நீர் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

ஆக, கதிர் பாய்ச்சும் அறைக்குப் பக்கத்து அறையிலேயே ஒரு மணித்தியாலத்துக்குள் வாசிக்க முடியுமானால் பிரிக் ஜெல் தங்கம். தெல்லிப்பழையில் பாய்ச்சி வவுனியாவில் வாசிக்க நினைத்தால் அதை மறந்துவிடலாம். ஜெலற்றீனுக்குப் பதிலாகப் பொலிவைனைல் அல்ககோலைக் குளூற்றரல்டிகைட்டால் குறுக்குக் கட்டிச் செய்யும் வகை ஒன்று உண்டு. அது இளகாது, பரவலும் அதில் குறைவு. பிரிக் ஜெல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்கு அந்த வழியைச் சொல்வேன்.

அடுத்தது பல்பகுதிய ஜெல்கள். பிரிக் ஜெல் பால் என்றால் இவை தயிர். ஒருபகுதியங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் நீரில் கரைந்து கிடக்கின்றன. கதிர் நீரை உடைத்து, எதனோடும் வினைபுரியத் துடிக்கும் சுயாதீன மூலிகங்களை உண்டாக்க, அவை ஒருபகுதியங்களைச் சங்கிலியாகக் கோக்கின்றன. கதிர் கூடப்பட்ட இடத்தில் ஜெல் கூடுதலாக வெண்மை கட்டும். அந்த வெண்மை ஜெலற்றீன் வலைக்குள் சிக்கிக் கிடப்பதால் அயன்களைப் போல ஓடித் திரியாது. பரவல் பயம் ஏறக்குறைய இல்லை. இதுதான் 1993இல் மரியான்ஸ்கியும் யேல் குழுவினரும் அக்கிரிலமைட் ஜெல்லைக் கொண்டுவந்தபோது எல்லோரும் அதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம். முதலில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோசில் செய்தார்கள். அடுத்த வருடம் ஜெலற்றீனுக்கு மாறினார்கள். வழக்கமான கலவையில் அக்கிரிலமைட் 3 வீதம், சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைக்கும் பிஸ் என்ற பொருள் 3 வீதம், ஜெலற்றீன் 5 வீதம், மீதி 89 வீதமும் தண்ணீர்.

தயிரைப் போலவே இதற்கும் உறையும் நேரம் கொடுக்கவேண்டும். பெல்ஜியத்தின் கென்ற் நகரில் ஈவ் டி டீன் முதலானோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இந்த விடயத்தில் எனக்குப் பெரிய உதவி. அக்கிரிலமைட் ஜெல்லில் இரண்டு வகைத் தளம்பல் உண்டு என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, கதிர் நின்ற பிறகும் பல்பகுதியமாதல் தொடர்வது. ஏறக்குறைய 12 மணித்தியாலம் வரை இது நடக்கும், கதிரளவுக்கு எதிரே வாசிப்பைக் குறித்து வரையும் கோட்டின் சாய்வு மாறிக்கொண்டேயிருக்கும். மற்றது ஜெலற்றீன் தன் வலையைத் தொடர்ந்து இறுக்கிக்கொள்வது. இது 30 நாள் வரைகூட நீளும், கோட்டின் அடித்தளத்தை மெல்ல உயர்த்தும். முதலாவது தளம்பலுக்கு மருந்து காத்திருப்பு. இரண்டாவதுக்கு மருந்து, தெரிந்த கதிரளவைக் கொடுத்து அளவுகோடிடும் குழாய்களையும் பெரிய ஜெல்லையும் ஒரே நாளில், ஒரே பானையில் காய்ச்சி, ஒரே வயதில் வாசிப்பது. இன்று பாய்ச்சி நாளை காலை வாசிக்கலாம் என்பதால் எங்களைப் போன்ற தூரத்துக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அக்கிரிலமைட்டை எங்கள் ஆய்வுகூடத்துக்குள் நான் விடமாட்டேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அது நரம்பு நஞ்சு, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என்றும் வகைப்படுத்தப்பட்டது. தூளாக நிறுக்கும்போது கையுறை, முகமூடி, வாயுப்போக்கி எல்லாம் வேண்டும். அத்தோடு, ஒட்சிசன் சிறிதளவு இருந்தாலும் மூலிகங்களை விழுங்கிவிடும். ஆகவே பழைய முறையில் நைதரசன் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள்தான் எல்லாம். வன்னியில் நைதரசன் உருளை ஒன்றை நிரப்பி வாங்க எத்தனை நாள் அலையவேண்டும் என்று கேட்டால் எங்கள் களஞ்சியக்காரர் கதைகதையாகச் சொல்வார்.

அந்தக் கதவைத் திறந்தது 2001இல் பொங் என்பவரும் அவரது குழுவினரும் கொண்டுவந்த மாஜிக் ஜெல். மெதக்கிரிலிக் அமிலம், அஸ்கோர்பிக் அமிலம், ஜெலற்றீன், செப்புசல்பேற்று, கொஞ்சம் ஐதரோகுயினோன். அஸ்கோர்பிக் அமிலம் என்பது விற்றமின் சி. செப்போடு சேர்ந்து அது கரைந்திருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும். நைதரசன் உருளை இல்லாமலே சாதாரண மேசையில் செய்யலாம். ஜெலற்றீனைத் தண்ணீரில் ஊறவைத்து, 50 பாகையளவில் கரைத்து, ஐதரோகுயினோன் போட்டு, 37 பாகைக்கு ஆறவிட்டு மற்றவற்றைச் சேர்த்துக் கலக்கினால் முடிந்தது. அமிலத்தின் காரமான வாடை மூக்கைப் பிடிக்கும் என்பதால் வாயுப்போக்கி மட்டும் கட்டாயம்.

பின்னர் அஸ்கோர்பிக் அமிலத்தின் இடத்தில் ரி.எச்.பி.சி. என்ற பொசுபோனியச் சேர்வையைப் போட்டு அக்கிரிலமைட் ஜெல்லையும் வெளிக்காற்றில் செய்யத் தொடங்கினார்கள். ஒட்சிசனை அது விரைவாகத் துடைக்கும், ஆனால் ஜெலற்றீனோடும் வினைபுரியும். அளவு கூடினால் அடித்தள வாசிப்பே மாறிவிடும். அதே ரி.எச்.பி.சி.யோடு நைப்பாம் என்ற ஒருபகுதியத்தைப் போட்டுச் செய்யும் ஜெல் 2006இல் வந்தது. அக்கிரிலமைட்டை விட நஞ்சு குறைவு. சி.ரி. ஸ்கேனில் வாசிக்க விரும்புகிறவர்கள் இதைத்தான் கூடுதலாக நாடுகிறார்கள். சி.ரி.யில் பல்பகுதிய ஜெல்களின் மாற்றம் மிகச் சிறியது, ஒரு கிரே (கதிரளவின் அலகு) கதிருக்கு ஒரு ஹவுன்ஸ்பீல்ட் (சி.ரி. படத்தில் அடர்த்தியைக் காட்டும் எண்ணின் அலகு) அளவோ அதற்கும் குறைவோதான். பல படங்களை எடுத்துச் சராசரி பார்த்தாலே படம் தெளியும். ஆனால் சி.ரி. இயந்திரத்தில் நேரம் கிடைப்பது எம்.ஆர்.ஐ.யில் கிடைப்பதைவிட எளிது.

மாணவியின் தாளில் நைப்பாம்தான் முதலில் இருந்தது. எனக்கு அதில் ஒரு தயக்கம். நைப்பாமின் பல்பகுதியம் நீரில் 32 பாகையளவில் குணம் மாறி நீரை உதறிச் சுருங்கும் பொருள். மருந்து விஞ்ஞானிகள் அந்தக் குணத்தை விரும்பித் தேடுவார்கள். எங்களுக்கோ அந்த 32 பாகை காலை பத்து மணிக்கே வந்துவிடும். குளிர்ச் சங்கிலி அறுபடாமல் கொண்டுபோக முடிந்தால் நைப்பாம் நல்ல ஜெல். சங்கிலி எங்கே அறுபடும் என்பதை நான் கண்ணால் கண்டவன்.

மாஜிக் ஜெல்லை நாங்கள் முதன்முதல் கொண்டுபோன பயணம் அது. பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள், எல்லாம் மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள், சுற்றிவர ஐஸ் பக்கெட். பஸ்ஸில் ஏறியபோது மடியில் வைத்திருந்தேன். சனம் நெருக்கவே நடத்துநர் வாங்கிப் பின்பக்கத்துச் சாமான் அறைக்குள் தள்ளிவிட்டார். எஞ்சினின் சூடு முழுவதும் அங்கேதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. முறிகண்டியில் வழக்கம்போல் நிறுத்தினார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, தேநீர் குடித்து எல்லோரும் ஏறும்வரை பஸ் வெயிலில் நின்றது. சோளகம் அனல் வாரி இறைத்த ஆடி மாதம்.

தெல்லிப்பழையில் பெட்டியைத் திறந்தபோது குழாய்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. தொட்டுப் பார்த்தேன், இறுகியிருந்தன. தாளை உரித்த பிறகுதான் ஒரு குழாயின் மேற்பரப்பு சரிந்திருப்பதைக் கண்டேன். அந்தக் குழாய் பெட்டிக்குள் சாய்ந்து கிடந்திருக்கிறது. ஜெல் வழியில் முழுதாக இளகி, சாய்ந்தபடியே மட்டம் பிடித்து, யாழ்ப்பாணத்தில் வாங்கிப் போட்ட புது ஐஸில் மறுபடி இறுகியிருக்கிறது. ஒன்று இளகியதென்றால் மற்றவையும் இளகியிருக்கும். நிமிர்ந்து நின்றதால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அன்று அந்த ஒரு குழாய் சரியாதிருந்தால் பன்னிரண்டையும் நல்ல ஜெல் என்று நம்பிக் கதிர் பாய்ச்சியிருப்போம். ஒரே பானையில் பிறந்த குழாய்கள் வேறுவேறு வரலாறு பெற்றுவிட்டன. அவற்றிலிருந்து வரும் அளவுகோட்டை வைத்துப் பெரிய ஜெல்லை வாசிப்பது, ஒருவரின் இரத்தத்தைச் சோதித்து மற்றவருக்கு மருந்து எழுதுவது போலாகும். திரும்பிவரும் வழியில் இளகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கதிர் எழுதிய வெண்மை கலங்கிப் படமே கரைந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் பிரேசில் நாட்டவர்கள் 2008இல் சொன்ன ஒரு மாற்றத்தைக் கவனமாகப் படித்தேன். அவர்களுடையதும் வெயில் நாடு. மாஜிக் ஜெல்லோடு போமல்டிகைட்டைச் சேர்த்தார்கள். ஜெலற்றீனின் புரதச் சங்கிலிகளை அது குறுக்காகத் தைத்துவிடுகிறது. பள்ளிக்கூட உயிரியல் கூடத்துப் போத்தலில் தவளையை வருடக்கணக்காக அழுகாமல் விறைப்பாக வைத்திருப்பதும் இதே வேலைதான். ஜெல் உருகும் வெப்பநிலை 69 பாகைக்கு உயர்ந்தது. எங்கள் பஸ்ஸின் சாமான் அறையும் அந்த அளவுக்குப் போகாது. உணர்திறனும் குறையவில்லை, சற்றுக் கூடியது.

இதற்கும் விலை உண்டு. போமல்டிகைட் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். கையாளும் அளவு சிறிதென்றாலும் வாயுப்போக்கிக்கு வெளியே போத்தலைத் திறக்கக்கூடாது. மாஜிக் குடும்பத்துக்கே உரிய குறைகளும் போய்விடவில்லை. ஒரே கதிரளவை விரைவாகக் கொடுத்தாலும் மெதுவாகக் கொடுத்தாலும் ஒரே விடை வரவேண்டும். இந்த ஜெல்லில் அது கொஞ்சம் விலகும், அக்கிரிலமைட் ஜெல் இந்த விடயத்தில் நேர்மையானது. வாசிக்கும்போதுள்ள வெப்பநிலையும் மாஜிக்கை அதிகம் பாதிக்கும். எம்.ஆர்.ஐ. அறை 20 பாகை, பெட்டியிலிருந்து எடுத்த ஒரு லீற்றர்க் குடுவை 10 பாகை என்றால், குடுவையின் ஓரமும் நடுவும் வேறுவேறு வெப்பநிலையில் நின்று இல்லாத கதிரளவை எழுதிக் காட்டும். முதல்நாள் மாலையே அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடவேண்டும். அதற்கு அனுமதி கேட்பது ஜெல் செய்வதைவிடக் கடினம்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். சின்னக் குழாய் அரை மணித்தியாலத்தில் ஆறிவிடும். பெரிய குடுவையின் நடுப்பகுதி விடியும்வரை ஆறும். ஒரே கலவையானாலும் ஆறிய வேகம் வேறென்றால் வாசிப்பும் வேறு. குழாய்களைக் குடுவையோடு ஒரே தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி ஆறவிட்டால் இந்த வித்தியாசம் குறையும். சனி ஞாயிறில் மின்தடை வந்தால் குளிர்சாதனப்பெட்டியும் தன் பங்குக்கு ஒரு வெப்ப வரலாற்றை எழுதிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை ஜெல் காய்ச்சுவதில்லை என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறோம்.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். மலிவான பொலித்தீன் போத்தலின் சுவருக்குள்ளால் ஒட்சிசன் மெல்ல ஊறி வரும். ஓரம் நெடுக ஜெல் வெளுக்காமல் போவதைப் பார்த்து மாணவர்கள் கதிர்க்கற்றை பிசகிவிட்டது என்று நினைப்பார்கள். கண்ணாடியே நல்லது. ஜெலற்றீனைப் பற்றியும் கேட்பார்கள். ஆய்வுகளில் வருவது பெரும்பாலும் பன்றித்தோலிலிருந்து எடுத்தது. அதைத் தொட விரும்பாத பிள்ளைகள் எங்கள் வகுப்பில் உண்டு, அது அவர்கள் உரிமை. மாட்டு ஜெலற்றீனுக்கு மாறலாம், ஆனால் பழைய அளவுகோட்டைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும்.

பிரசேஜ் என்ற பொலியூரித்தேன் கட்டியையும் அவள் தாளில் எழுதியிருந்தாள். உருகாது, பாத்திரம் வேண்டாம், ஒட்சிசனைச் சட்டை செய்யாது. வாசிப்பதற்கு ஒளிக்கதிர் ஸ்கேனர் வேண்டும், புறஊதாக் கதிரும் வெக்கையும் நிறத்தைக் குழப்பும், இறக்குமதி செய்யவேண்டும். காசுள்ள ஆய்வுகூடத்துக்கு.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. வகுப்பில் காட்டவும், கதிர் பாய்ச்சிய கையோடு அதே கட்டடத்தில் வாசிக்கவும் சைலினோல் ஒரேஞ் போட்ட பிரிக் ஜெல். வவுனியாவிலிருந்து கொண்டுபோய், மறுநாள் வாசித்து, முப்பரிமாணப் படம் எடுக்க வேண்டுமானால் போமல்டிகைட் சேர்த்த மாஜிக். குளிரூட்டிய வாகனமும், கூடவே எம்.ஆர்.ஐ. நேரமும் ஒருநாள் கிடைக்குமானால் ரி.எச்.பி.சி. போட்ட நைப்பாமுக்கு மாறுவேன். கதிர் கொடுக்கும் வேகம் அடிக்கடி மாறும் சிகிச்சைத் திட்டத்தைச் சோதிக்க வந்தால், மாஜிக்கை நம்பச் சொல்லமாட்டேன்.

மாணவி மாஜிக்கைத்தான் செய்தாள். பெட்டி கட்டும்போது அவளுக்கு ஒரு வேலை கூடுதலாகக் கொடுத்தேன். போமல்டிகைட் சேர்க்காத வெறும் ஜெலற்றீனை ஒரு குழாயில் ஊற்றி, குழாயைச் சரித்து வைத்து இறுகவிட்டு, பிறகு நிமிர்த்திப் பெட்டியின் நடுவில் குத்திவைக்கச் சொன்னேன். போய்ச் சேர்ந்ததும் முதலில் அதன் தாளை உரிக்கவேண்டும். மேற்பரப்பு சரிந்தபடியே இருந்தால் பெட்டி வழிநெடுகக் குளிர்ந்திருக்கிறது. மட்டமாகிவிட்டிருந்தால் எங்கோ சூடு ஏறியிருக்கிறது. மாஜிக் இளகியிருக்காது, ஆனால் எல்லாக் குழாய்களுக்கும் ஒரே சூடுதான் பட்டது என்று சொல்ல ஆதாரமில்லை, அன்றைய அளவுகோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளவேண்டும். முறிகண்டி தாண்டியதும் தொலைபேசியில் கேட்டேன். பெட்டி மடியில்தான் இருக்கிறது, கச்சான் வாங்கவும் இறங்கவில்லை சேர் என்றாள்.